ஒண்ணு ஏ-யா? ஒண்ணு சி-யா?

கேன்சர் என்று காதில் விழுந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, ‘‘எந்த ஸ்டேஜாம்?’’

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிறோம். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கிறோம். ‘‘மூணாம்’’ என்று பதில் வந்தால் உச்சுக்கொட்டுகிறோம். ‘‘ஒண்ணுதானாம்’’ என்றால், ‘‘அப்ப பயமில்லை’’ என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டு இலை போட்ட இடத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கேள்வியில் தப்பில்லை. என் சண்டை பதிலோடு. குறிப்பாக, சினைப்பைப் புற்றுநோய் விஷயத்தில் சொல்லப்படுகிற பதிலோடு. எண்ணிப் பார்க்காமலே ஒரு நம்பர் சொல்கிறார்கள். அதையும் சம்பந்தப்பட்ட பெண்ணிடம் சொல்வதில்லை. வராந்தாவில் நிற்கிற கணவரிடமோ மகனிடமோ சொல்கிறார்கள். இந்த இரண்டும் நிற்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

நான் படித்தது பி.காம். டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் கணக்கை எப்படி எழுதக்கூடாது என்று மூன்று வருடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மார்ச் 31-ம் தேதி கடையில் ஸ்டாக் எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். முன்கடை அலமாரியை மட்டும் எண்ணிவிட்டு, பின்னால் இருக்கும் குடோனைத் திறக்காமலேயே ‘குடோனில் சரக்கு இல்லை’ என்று எழுதினால் அந்தக் கணக்கில் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். ‘பார்க்கவில்லை’ என்பது வேறு. ‘இல்லை’ என்பது வேறு. ஒரு மளிகைக் கடைக்கு இருக்கிற இந்த நியாயம் ஒரு பெண்ணின் வயிற்றுக்கு வேண்டாமா?

முதலில், ஸ்டேஜ் என்றால் என்ன?

1954-ல் ஜெனீவாவில் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஃபிகோ. (அதே 1954-ல்தான் நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பித்தார்.) சினைப்பைப் புற்றுநோய்க்கு ஸ்டேஜ் போடும் விதிகளை வகுப்பது இந்த ஃபிகோதான். 1988-ல் வந்த விதியைத் திருத்தி 2014-ல் புதிய விதியை வெளியிட்டார்கள். சினைப்பை, சினைக்குழாய், வயிற்றின் உட்சவ்வு ஆகிய மூன்றில் எங்கே ஆரம்பித்தாலும் இப்போது ஒரே விதிதான்.

ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் ஸ்டேஜ்: நெருப்பு ஒரு அறைக்குள். அதாவது சினைப்பைக்குள் அல்லது சினைக்குழாய்க்குள் மட்டும். இதிலேயே மூன்று எழுத்து உண்டு. ஒரு பக்கம் மட்டும், மேலுறை கிழியவில்லை, வெளிப்பரப்பில் எதுவும் இல்லை, வயிற்றைக் கழுவி எடுத்த நீரிலும் புற்றுநோய்ச் செல் இல்லை என்றால் ‘ஏ’. இதே நிலை இரண்டு பக்கமும் என்றால் ‘பி’. உறை கிழிந்திருந்தால், அல்லது வெளிப்பரப்பில் நோய் இருந்தால், அல்லது நீரில் செல் இருந்தால் ‘சி’.

இரண்டாம் ஸ்டேஜ்: பக்கத்து அறைகளுக்குப் பரவிவிட்டது. ஆனால் கீழ்த்தளத்தைத் தாண்டவில்லை. கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் இருக்கிற இடுப்புக் குழிதான் அந்தக் கீழ்த்தளம்.

மூன்றாம் ஸ்டேஜ்: இடுப்பைத் தாண்டி, வயிற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வில் விதை தூவினாற்போல விழுந்துவிட்டது. அல்லது வயிற்றின் பின்பக்க நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விட்டது. கணுக்களில் மட்டும் இருந்தாலோ, சவ்வில் மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் தெரிகிற அளவில் இருந்தாலோ ‘ஏ’. கண்ணுக்குத் தெரிந்து, 2 சென்டிமீட்டர் வரை என்றால் ‘பி’. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘சி’.

நாலாம் ஸ்டேஜ்: காம்பவுண்டு சுவரைத் தாண்டிவிட்டது. நுரையீரலைச் சுற்றிக் கோத்த நீரில் புற்றுநோய்ச் செல் இருந்தால் ‘ஏ’. கல்லீரல், மண்ணீரல் உள்ளுக்குள்ளேயே போயிருந்தாலோ, வயிற்றுக்கு வெளியே வேறு உறுப்புகளில் இருந்தாலோ ‘பி’.

ஒன்று கவனித்தீர்களா? நோய் கல்லீரலின் மேல்பரப்பில் ஒட்டியிருந்தால் அது மூன்று. கல்லீரலுக்கு உள்ளே இருந்தால்தான் நாலு. ‘‘லிவருக்கு வந்துடுச்சாம்’’ என்று நாம் போகிறபோக்கில் சொல்கிற ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு ஸ்டேஜ் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எழுத்து இல்லாத நம்பர் அரை நம்பர்.

சரி, இதையெல்லாம் எண்ணுவது யார்? எப்போது?

இங்கேதான் சினைப்பைப் புற்றுநோய் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. மார்பில் கட்டி என்றால் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம். சினைப்பையில் மட்டும் இருப்பதாகத் தெரிகிற சந்தேகக் கட்டியில் அப்படி ஊசி போடுவதில்லை. உள்ளே இருப்பது வயிற்றில் சிந்திவிடும். பாதாம் கொட்டை அளவுள்ள சினைப்பை, வயிற்றறைக்குள் திறந்தவெளியில் இருக்கிற உறுப்பு. அதிலிருந்து உதிரும் செல்கள் வயிற்றுக்குள் இயல்பாக ஓடுகிற நீரோடு மிதந்து, மேலே உதரவிதானத்தின் அடிப்பக்கம் வரை போய் ஒட்டிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் துகள்களை ஸ்கேன் தவறவிடலாம்.

ஆகவே ஆரம்ப நிலை மாதிரித் தெரிகிற சினைப்பைப் புற்றுநோய்க்கு ஸ்டேஜ் போடுகிற இடம் ஆபரேஷன் தியேட்டர்தான். வயிற்றைத் திறந்ததும் முதலில் அங்கிருக்கும் நீரை எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் சலைன் ஊற்றிக் கழுவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கட்டியை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். உதரவிதானம், கல்லீரல், குடல், சவ்வு என்று ஒவ்வொரு மூலையையும் கண்ணாலும் கையாலும் தடவிப் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்திலும், சும்மா பார்த்தால் நன்றாக இருக்கிற இடத்திலும் துளித் துளியாகச் சதை எடுக்க வேண்டும். குடலுக்கு முன்னால் ஏப்ரன் மாதிரித் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையை எடுக்க வேண்டும். நிணநீர்க் கணுக்களைச் சோதிக்க வேண்டும். எல்லாம் பெத்தாலஜிஸ்ட் மேஜைக்குப் போய், ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஸ்டேஜ். இதுதான் குடோனைத் திறந்து எண்ணுவது.

நடப்பது என்ன?

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. ஊர், பேர் வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய அம்மா. ‘கேஸ் ட்ரபிள்’ என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி. ‘‘சாதாரண சிஸ்ட்தாம்மா, மூணு ஓட்டை போட்டு எடுத்துடலாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்’’ என்றார்கள். எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று வரி. கட்டி அகற்றப்பட்டது, எல்லாம் சுமுகமாக நடந்தது, தையல் பிரிக்க வரவும். பத்து நாள் கழித்து பயாப்சி ரிப்போர்ட் வந்தபோதுதான் அது புற்றுநோய் என்றே தெரிந்தது.

மகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே இருந்த நிபுணர் கேட்ட முதல் கேள்வி, ‘‘எடுக்கும்போது கட்டி உடைஞ்சதா?’’

யாருக்கும் தெரியவில்லை. எழுதவில்லை. கழுவிய நீர் அனுப்பவில்லை. மறுபக்கச் சினைப்பை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஓமென்டத்தைத் தொடவே இல்லை. ஆக, அந்த அம்மாவுக்கு ஒண்ணு ஏ-யா, ஒண்ணு சி-யா, இல்லை மூணா? தெரியாது. கணக்கில் இப்படி விளக்கமில்லாத தொகையைத் தாற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு தலைப்பில் போட்டு வைப்போம். அந்த அம்மாவின் உடம்பு முழுக்க சஸ்பென்ஸ் அக்கவுண்டில் கிடந்தது. இரண்டாம் முறை மயக்க மருந்து, இரண்டாம் முறை கத்தி, இரண்டாம் முறை பில்.

‘ஆபரேஷனில் உடைந்ததா’ என்பது சின்னக் கேள்வி இல்லை. 2014 விதியில் அதற்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆபரேஷனின்போது உடைந்து சிந்தினால் ‘ஒண்ணு சி ஒண்ணு’. அதாவது, ‘ஏ’-யாக உள்ளே போன ஒரு பெண், மேஜையிலிருந்து இறங்கும்போது ‘சி’-யாகலாம். கத்தி பிடித்த கையே ஸ்டேஜை மாற்ற முடிகிற வியாதி இது! லேப்ராஸ்கோப்பியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தேகக் கட்டியை உடைக்காமல், பைக்குள் போட்டு வெளியே எடுக்கத் தெரிந்தவர் செய்யட்டும். உடைந்தால், ‘உடைந்தது’ என்று எழுதுகிற நேர்மையோடு செய்யட்டும்.

‘‘ஏதோ ஒரு கேஸை வைத்துக்கொண்டு எல்லோரையும் குறை சொல்லாதீர்கள்’’ என்று கோபப்படுகிற டாக்டர்கள் இருப்பார்கள். சரி, என் கேஸை விடுங்கள். அமெரிக்காவில் 1983-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ‘ஆரம்ப நிலை’ என்று சீட்டு எழுதி அனுப்பப்பட்ட 100 பெண்களை முறையாக மறுபடி எண்ணினார்கள். 31 பேருக்கு ஸ்டேஜ் மேலே போனது. அந்த 31-ல் 23 பேருக்கு இருந்தது மூன்றாம் ஸ்டேஜ். வயிறு முழுக்கப் பார்க்கப் போதுமான அளவு முதல் ஆபரேஷனில் திறக்கப்பட்டிருந்தது நூற்றில் 25 பேருக்கு மட்டும்தான்.

அது பழைய காலம் என்பீர்கள். 2003-ல் ஐரோப்பாவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. ஆரம்ப நிலை சினைப்பைப் புற்றுநோய் உள்ள 448 பெண்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பாதிப் பேருக்கு கீமோ, பாதிப் பேருக்குக் காத்திருந்து கண்காணிப்பு. இந்த 448 பேரில் ஸ்டேஜ் கணக்கு முழுசாக எடுக்கப்பட்டவர்கள் 151 பேர் மட்டுமே. ஐரோப்பாவிலேயே மூன்றில் ஒருவருக்குத்தான்! கணக்கு அரைகுறையாக இருந்தவர்களில், கீமோ எடுத்தவர்களுக்கு நன்மை தெரிந்தது. கணக்கு முழுசாக இருந்தவர்களில், கீமோவால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். எண்ணாத வயிறுகளில் கண்ணுக்குத் தெரியாத நோய் ஒளிந்திருந்திருக்கிறது. கீமோ அதற்குத்தான் வேலை செய்திருக்கிறது. செல்லின் ரகம், கிரேடு பார்த்து ஒன்றாம் ஸ்டேஜிலும் பலருக்கு இன்று கீமோ கொடுக்கிறார்கள். அது நியாயமான மருத்துவ முடிவு. ஆனால் ‘முதல்ல சரியா பார்க்கலை, அதனால சேஃப்டிக்குப் போட்டுடுவோம்’ என்று ஒரு பெண்ணின் தலைமுடியையும், ஆறு மாதத்தையும், சேமிப்பையும் பறிப்பது மருத்துவ முடிவு இல்லை. அது அடுத்தவர் அலட்சியத்துக்கு அவர் கட்டுகிற அபராதம்.

இன்னொன்றும் இருக்கிறது. இருபத்தைந்து, முப்பது வயதில் இந்த நோய் வந்து, குழந்தை வேண்டும் என்று நினைக்கிற பெண்களும் உண்டு. முறையாக எண்ணி, ‘ஒண்ணு ஏ’ என்று உறுதியானால் நோயுள்ள சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு, கருப்பையையும் மறுபக்கத்தையும் விட்டுவைக்கலாம். பல பெண்களுக்கு அப்படிச் செய்கிறார்கள். ஒரு எழுத்து தெரியாமல் போனால், ஒரு குழந்தைக்கான வாய்ப்பே போகலாம்.

‘‘சிஸ்ட்னு வர்ற எல்லாரையும் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா சார்?’’ நியாயமான கேள்வி. அனுப்ப வேண்டாம். இளம் பெண்களுக்கு வருகிற நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. சில தானாகவே கரைந்துவிடும். யாரை அனுப்புவது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. 1990-ல் பிரிட்டனில் கண்டுபிடித்தது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

ஸ்கேனில் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும். கட்டிக்குள் பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல். எதுவுமே இல்லையென்றால் 0. ஒன்று இருந்தால் 1. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 3. அடுத்து மாதவிலக்கு. நிற்கவில்லை என்றால் 1, நின்றுவிட்டது என்றால் 3. இந்த இரண்டையும், சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை எண்ணோடு பெருக்க வேண்டும். விடை 200-ஐத் தாண்டினால் நிபுணரிடம் அனுப்பு. 250 என்று எல்லை வைப்பவர்களும் உண்டு.

மாதவிலக்கு நின்ற பெண், ஸ்கேனில் இரண்டு குறி, சி.ஏ.125 வெறும் 60. நார்மல் 35 வரை என்பதால், ‘‘கொஞ்சம்தான் அதிகம்’’ என்று சொல்லிவிடுவார்கள். பெருக்குங்கள். 3 பெருக்கல் 3 பெருக்கல் 60. விடை 540. எல்லையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்! இந்தப் பெருக்கலைப் போட ஒரு நிமிடம் ஆகுமா? ‘சாதாரண சிஸ்ட்’ என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கக்கூடாதா?

அதற்காக சி.ஏ.125-ஐ மட்டும் தனியாகக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். ஒன்றாம் ஸ்டேஜில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கூடவே கூடாது. மறுபுறம், எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும். நம் ஊரில் இன்னும் இருக்கிற வயிற்றுக் காசநோயிலும் கூடும். வயிற்றில் நீர், சி.ஏ.125 நானூறு, ஐந்நூறு. ‘கேன்சர் முத்திப்போச்சு’ என்று வீடே அழுதுகொண்டிருக்க, பயாப்சியில் டி.பி. என்று வந்து, ஆறு மாத மாத்திரையில் குணமானவர்கள் உண்டு. இதுவும் எண்ணாமல் சொன்ன நம்பர்தான்; எதிர்ப்பக்கம்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இந்த டெஸ்டைச் சேர்த்து, ‘ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள்’ என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. ஆண்டுதோறும் டெஸ்ட் எடுத்தவர்களில் ஆரம்ப ஸ்டேஜில் பிடிபட்டவர்கள் அதிகம்தான். ஆனால் சாவு குறையவில்லை. அறிகுறியே இல்லாத பெண்ணிடம் இதை விற்காதீர்கள். அறிகுறி உள்ள பெண்ணை, அதாவது தினமும் வயிறு உப்பி, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்து, அடிவயிறு வலித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறவரை, கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள்.

2020-க்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் இந்த நோய் கண்ட பெண்கள் ஏறக்குறைய 45 ஆயிரம். இறந்தவர்கள் ஏறக்குறைய 32 ஆயிரம். உலகெங்கும் பெரும்பாலோர் மூன்று, நான்காம் ஸ்டேஜில்தான் வந்து சேர்கிறார்கள். இவர்களுக்கு நடக்கிற அநியாயம் வேறு மாதிரி. ‘‘திறந்து பார்த்தோம், எங்கும் பரவியிருக்கு, மூடிட்டோம்’’ என்று ஒரு வாக்கியம் சொல்கிறார்களே, அது.

மூணு சி என்பது தீர்ப்பு இல்லை. தேர்ந்த கைகளில், கண்ணுக்குத் தெரிகிற நோயை முழுக்க எடுக்க முடிகிற மூணு சி-க்கள் உண்டு. உடனே எடுக்க முடியாவிட்டால், முதலில் மூன்று முறை கீமோ கொடுத்து, சுருங்கிய பிறகு எடுக்கிற வழி உண்டு. அந்த வழியும் சமமானதே என்று 2010-லேயே பெரிய ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது. ஸ்டேஜ் என்பது நோய் எங்கெங்கே இருந்தது என்ற கணக்கு. ஆபரேஷன் முடிந்து எவ்வளவு மிச்சம் என்பது இன்னொரு கணக்கு. பின்னதும் ஆயுளை நிர்ணயிக்கிறது. திறந்து பார்த்து மூடியவர் அவருடைய கையின் எல்லையைச் சொல்லியிருக்கிறார். அதை நோயின் எல்லை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அடையாறு இருக்கிறது, அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது. அங்கே ஒரு முறை ஃபைலைக் காட்டுங்கள்.

இனி, நம் வீட்டுப் பக்கம் வருகிறேன். இதில் டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

‘‘டாக்டர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தாங்கமாட்டாங்க.’’

யார் சொன்னது தாங்கமாட்டார் என்று? வீட்டுக் கடனைத் தாங்கினார், உங்கள் டைபாய்டைத் தாங்கினார், மாமியாரின் கடைசி மூன்று வருடத்தைத் தாங்கினார். அவர் வயிற்றில் என்ன இருக்கிறது என்ற செய்தியைத்தான் தாங்கமாட்டாராக்கும்! கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மா, ‘‘உனக்கு எந்த ஸ்டேஜு?’’ என்று கேட்கும்போது, இவர் ‘‘எனக்கு வெறும் கட்டிதாங்க’’ என்று பதில் சொல்கிறாரே, அந்த அவமானத்தை யார் ஏற்பாடு செய்தது?

நீங்கள் அன்பினால்தான் மறைக்கிறீர்கள். தெரியும். ஆனால் மறைத்த அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு முடிவையும் நீங்கள் எடுக்கிறீர்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆபரேஷன், போதுமா, தொடரலாமா எல்லாம்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. அது புற்றுநோய் வழக்கு இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய வழக்கு. லேப்ராஸ்கோப் விட்டுப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்தார் ஒரு பெண். வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் தானே முடிவு சொல்லக்கூடிய வயது வந்த பெண்ணுக்காக அம்மா சம்மதம் தர முடியாது என்றது கோர்ட். அம்மாவே முடியாது என்றால், வராந்தாவில் நிற்கிற மாமாவும் மச்சானும் எந்த மூலைக்கு?

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே, அவர் விழித்திருக்கும்போதே, அவரிடமே பேசுங்கள். ‘‘கட்டியை எடுத்ததும் தியேட்டரிலேயே உடனடிப் பரிசோதனை செய்வாங்க. கேன்சர்னு தெரிஞ்சா இதையும் இதையும் எடுப்பாங்க. உங்களுக்குச் சம்மதமா?’’ இந்த மூன்று வாக்கியம் போதும்.

கேட்க வேண்டியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. ஸ்கேன், மாதவிலக்கு, சி.ஏ.125 மூன்றையும் பெருக்கினால் என்ன எண் வருகிறது?

2. ஆபரேஷன் செய்யப்போகிறவர் சினைப்பைப் புற்றுநோய்க்கு முழு ஸ்டேஜ் கணக்கு எடுக்கப் பழகியவரா? இல்லையென்றால், யாரிடம் அனுப்புவார்?

3. கட்டி உடையாமல் வந்ததா? கழுவிய நீர், ஓமென்டம், சவ்வு, கணு எல்லாம் பரிசோதனைக்குப் போனதா? எதைச் செய்யவில்லை, ஏன்?

4. ஸ்டேஜ் என்ன? நம்பரும் எழுத்தும். கூடவே செல்லின் ரகம், கிரேடு.

5. கண்ணுக்குத் தெரிகிற நோய் மிச்சம் இருக்கிறதா?

வாய்வார்த்தையாக வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ‘‘அதெல்லாம் தர்ற வழக்கமில்லை’’ என்று கவுன்ட்டரில் சொன்னால், இந்த விதியின் பெயரை ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

இந்த ஸ்டேஜ் ஒருமுறை போட்டால் போட்டதுதான். பின்னாளில் நோய் திரும்பி வந்தாலும், ‘ஒன்றாம் ஸ்டேஜ், மீண்டும் வந்தது’ என்றுதான் எழுதுவார்களே தவிர, நம்பரை மாற்றமாட்டார்கள். ஓப்பனிங் பேலன்ஸ் மாதிரி. அதைத் தப்பாக எழுதிவிட்டால் அதன்பின் வருகிற ஒவ்வொரு வரியும் தப்பு.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இந்த ஆபரேஷன் முடிந்த ஒருவர் இருந்தால், இன்று ராத்திரியே பீரோவிலிருந்து அந்த ஃபைலை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டேஜ் எழுதியிருக்கிறதா, எழுத்தோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் நாளைக்கே இரண்டு பேருமாகக் கிளம்பிப் போய்க் கேளுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், ஓ.பி. டோக்கன் தீர்ந்துபோகும்.